மூன்றே ஸ்வரம்தான், ஆனால் ஏன் கனக்கவில்லை?

பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பத்தில் குழுவின் பெயரையே தாங்கி வரும் முதல் பாட்டு. அதன் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டதாகவும், உங்கள் 10 வாட் ஆம்பிலும் (கிட்டார் ஒலிபெருக்கி) ஒலியைக் கரகரப்பாக்கும் மெட்டல் டிஸ்டார்ஷன் பெடலிலும் அது கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பெடல் வாங்கலாம், தடிமனான ஸ்ட்ரிங் போட்டு டியூனிங்கை இறக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. கேள்வி பெடலைப் பற்றி இருந்தாலும், நீங்கள் தேடுவது அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். பதில் கொஞ்சம் நீளும். பத்தொன்பது வருடமாக கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன், சின்ன ஆம்புகளைப் பழுதும் பார்க்கிறேன். இந்த ரிஃப்பைக் கேட்டு வரும் மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் நீங்கள் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டியூனிங்கை இறக்க வேண்டாம், ஸ்ட்ரிங்கையும் மாற்ற வேண்டாம். 1970 பிப்ரவரியில் வந்த அந்த ஆல்பம் சாதாரண ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் வாசித்தது. குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி மூன்று செமிடோன் (செமிடோன் என்பது அடுத்தடுத்த இரண்டு ஸ்வர ஸ்தானங்களின் இடைவெளி) இறக்கி வாசிக்க ஆரம்பித்தது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில், அதிலும் சில பாட்டுகளில் மட்டும். பிற்கால மேடை வீடியோக்களைப் பார்த்து வாசித்தால் சுருதி சேராது, அங்கே இறக்கித்தான் வாசிக்கிறார். அதனால் ஆல்பத்தை வைத்தே பழகுங்கள். ஸ்ட்ரிங் விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஐயோமி இடது கைப் பழக்கம் உள்ளவர். பர்மிங்காமில் ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில், வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் இயந்திரத்தில் சிக்கி நுனி துண்டாகிவிட்டன. அதுதான் அவர் கிட்டார் கழுத்தின் ஃப்ரெட் கட்டங்களில் அழுத்தும் கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரல் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். அந்த விரல்களால் கனமான ஸ்ட்ரிங்கை அழுத்த முடியாததால் பான்ஜோ ஸ்ட்ரிங்குகளைக்கூட வாங்கி மாட்டி, மிக மெல்லிய செட்டாக ஆக்கிக்கொண்டார். உலகத்தின் கனமான கிட்டார் ஒலி என்று நாம் கொண்டாடுவது, பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவதைவிட மெல்லிய ஸ்ட்ரிங்கில் பிறந்தது. உங்களிடம் இருக்கும் 9 அல்லது 10 தடிமன் செட் தாராளமாகப் போதும்.

சரி, கனம் எங்கே இருக்கிறது? என் அனுபவத்தில் பெரும்பகுதி நேரத்தில் இருக்கிறது. போன வருடம் ஒரு பையன் இதே குறையோடு வந்தான். வாசிக்கச் சொன்னேன். ஸ்வரங்கள் சரி, விரல் சரி. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தன் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து விழுந்தது. இடைவெளியைத் தாங்க முடியாமல் கை முந்திக்கொள்கிறது. பெடலைக் கழற்றச் சொன்னேன், ஆம்பை டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் சேனலில் வைத்து, மெட்ரோனோமை 60இல் ஓடவிட்டேன். முதல் ஸ்வரத்துக்கு 2 எண்ணிக்கை, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 4. இது நான் எண்ணிக் கொடுக்கும் முறை, ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தைப் போட்டுக்கொண்டே வாசிக்கலாம். மூன்றாவது ஸ்வரம் தேய்ந்து தேய்ந்து, கடைசி இரண்டு எண்ணிக்கையில் அறையின் மின்விசிறிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். அது கேட்கும் வரை அடுத்த சுற்றுக்குப் போகாதே என்றேன். மூன்றாவது நாள் அவன் அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, “என்னப்பா, இன்னைக்கு வேற மாதிரி இருக்கு” என்றார். அன்றும் ஆம்ப் கிளீன் சேனலில்தான் இருந்தது.

சிறுவயதில் நான் வயலின் கற்றவன். சவுக்க காலத்தில் வாசிப்பது துரித காலத்தைவிடக் கடினம் என்று அங்கே முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வேகத்தில் பிசகு மறைந்துவிடும், சவுக்கத்தில் எல்லாம் வெளியே தெரியும். மெதுவான மெட்டலும் அப்படித்தான். மெட்ரோனோம் 60இல் பழகியதும் 30இல் வையுங்கள், அதாவது இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. நடுவில் உள்ளதை நீங்களே மனதில் சுமக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகு பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள், பாதி வேலை முடிந்திருக்கும்.

அப்புறம் ஸ்வரங்கள். தடித்த 6ஆம் ஸ்ட்ரிங்கில் 3ஆம் ஃப்ரெட், அது ஜி. அதோடு 5ஆம் ஸ்ட்ரிங்கில் 5ஆம் ஃப்ரெட்டும் 4ஆம் ஸ்ட்ரிங்கில் 5ஆம் ஃப்ரெட்டும் சேர்த்துப் பவர் கார்டாக (ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் சேர்ந்த பிடி) பிடியுங்கள். இரண்டாவது ஸ்வரமான மேல் ஜி உங்கள் சுண்டுவிரலின் கீழ் ஏற்கெனவே இருக்கிறது, கையை நகர்த்த வேண்டியதில்லை. மூன்றாவது, 5ஆம் ஸ்ட்ரிங்கில் 4ஆம் ஃப்ரெட், சி ஷார்ப். அதை நடுவிரலால் பிடித்து, மோதிர விரலால் 5ஆம் ஃப்ரெட்டைத் தட்டித் தட்டி நடுங்கவிட வேண்டும். இதைக் கர்நாடக சங்கீத மொழியில் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால், ஸ, மேல் ஸ, பிறகு இறங்கிவந்து பிரதி மத்தியமம். இரண்டு ஸட்ஜத்துக்கும் நட்ட நடுவில், எந்தப் பக்கம் எண்ணினாலும் ஆறு செமிடோன் தள்ளி நிற்கும் ஸ்வரம் அது. கல்யாணியில் அதே பிரதி மத்தியமம் பஞ்சமத்துக்குக் கைகாட்டிவிட்டு இனிமையாகப் போய்ச் சேரும். இங்கே நடுங்கும் விரல் பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறதே தவிர, அங்கே போய் உட்காரவே இல்லை. கேட்பவரின் காது பஞ்சமத்துக்குக் காத்துக்கொண்டிருக்கும்போதே பழைய ஸட்ஜம் மறுபடி வந்து அறைகிறது. அந்தக் காத்திருப்பில்தான் பயம் இருக்கிறது. அதனால் நடுக்கத்தை உடனே ஆரம்பிக்காதீர்கள். ஸ்வரத்தை ஒரு எண்ணிக்கை நேராக நிறுத்தி, பிறகு மெதுவாக நடுங்கவிட்டுப் பாருங்கள். பதிவில் இருப்பதன் அச்சு நகல் என்று இதைச் சொல்லமாட்டேன், கை பழகுவதற்கு நான் சொல்லித் தரும் வழி இது.

இந்த இடைவெளியைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ‘இசையில் சாத்தான்’ என்று பெயரிட்டு இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயம் இதைத் தடை செய்தது, வாசித்தவர்களைத் தண்டித்தது என்பார்கள். பாடுவதற்குக் கடினம், காதுக்கு உறுத்தல் என்று அதைத் தவிர்க்கச் சொன்னது உண்மை. தடையும் தண்டனையும் ஆதாரம் இல்லாத பேச்சு. ரிஃப் பிறந்த கதைக்கு அதைவிட நல்ல சாட்சி உண்டு. குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர், குஸ்தாவ் ஹோல்ஸ்ட்டின் ‘கிரகங்கள்’ தொகுப்பில் உள்ள செவ்வாய் பகுதியைத் தான் வாசிக்க முயன்றுகொண்டிருந்ததாகவும், அதைக் கேட்டபின் ஐயோமி இந்த ரிஃப்பைக் கொண்டுவந்ததாகவும் சொல்லியிருக்கிறார். வாசிப்பதற்குமுன் ஒருமுறை அந்தச் செவ்வாயைக் கேளுங்கள், மனநிலை பிடிபடும்.

இனி ஒலிக்கு வருகிறேன். டியூனிங்கை இறக்காமலே அடியில் ஏதோ உறுமுவது ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 6ஆம் ஸ்ட்ரிங் 3ஆம் ஃப்ரெட் ஜி நொடிக்கு 98 அதிர்வு, அதன் பஞ்சமமான டி சுமார் 147. டிஸ்டார்ஷன் வழியாக இரண்டு ஸ்வரம் சேர்ந்து போகும்போது, இரண்டின் வித்தியாசமும் தனி ஒலியாகப் பிறக்கும். 147இல் 98 போனால் 49. அது சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஜி. நீங்கள் வாசிக்காத மந்திர ஸட்ஜம் ஒன்றை ஆம்ப் தானாகச் சேர்த்துக்கொடுக்கிறது. ஆனால் ஸட்ஜமும் பஞ்சமமும் துல்லியமாகச் சேர்ந்திருந்தால்தான் இது நடக்கும். சுருதி கொஞ்சம் விலகினாலும், ஆள்காட்டி விரல் ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் இழுத்தாலும், அந்த உறுமல் கலங்கிய முனகலாகிவிடும். டியூனர் வைத்து ஓப்பன் ஸ்ட்ரிங்கை மட்டும் சரிபார்த்தால் போதாது. 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, அந்த ஜி-யையும் டியூனரில் பாருங்கள். புதிதாகக் கற்பவர்கள் பயத்தில் அதிகமாக அழுத்துவார்கள், மெல்லிய ஸ்ட்ரிங்கில் அதுவே சுருதியை ஏற்றிவிடும்.

உங்கள் கொசு ரீங்காரத்துக்கு முதல் காரணம், அநேகமாகக் கெயின் (டிஸ்டார்ஷனின் அளவு) அதிகம், மிட் (நடு அதிர்வெண்கள்) குறைவு. மெட்டல் பெடல் என்று விற்பவற்றில் பல, நடு அதிர்வெண்களைக் குழி தோண்டி எடுத்துவிட்டு அடியையும் உச்சியையும் தூக்கிக் கொடுக்கும். கடையில் தனியாக வாசித்துப் பார்க்கும்போது பிரமாதமாக இருக்கும். ஆனால் கிட்டாரின் உடம்பு இருப்பது நடுவில். கெயின் ஏறினால் இன்னொன்றும் நடக்கும்: பிக் (மீட்டும் வில்லை) ஸ்ட்ரிங்கில் விழும் அடி அமுங்கிப்போய், மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவாகிவிடும். ஸ்வரம் தேயவும் செய்யாது, இடைவெளி முழுக்க உஸ்ஸென்ற இரைச்சல் நிரம்பும். நான் சொன்ன மின்விசிறிச் சத்தம் கேட்கவே கேட்காது. அந்த 1970 பதிவைக் கவனமாகக் கேளுங்கள். இன்றைய அளவில் அதில் டிஸ்டார்ஷன் குறைவுதான். ஒவ்வொரு அடியின் தொடக்கமும் தெளிவாக இருக்கிறது.

அவர் என்ன வைத்திருந்தார் என்பதில் உறுதியாகத் தெரிந்தவை இவை. ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஒரே நாளில், பெரும்பாலும் மேடையில் வாசிப்பது போல நேரடியாக வாசித்து முடித்தார்கள். ஐயோமி ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆரம்பித்தார், அதன் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பழுதாகவே, கையில் மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜி-யை எடுத்தார். அதில் இருந்தவை பி-90 வகை, அதாவது ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப். உங்கள் ஸ்ட்ராட் மாடல் கிட்டாரில் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் இல்லையே என்று வருந்தியிருந்தீர்கள், அவரிடமும் இல்லை. பி-90 உங்கள் பிக்கப்பைவிடத் தடிப்பான ஒலி தரும் என்பது வேறு விஷயம். டோன் நாபைக் கொஞ்சம் இறக்கி, நடுவே சற்று நெருங்கலாம். ஆம்ப், அதே பர்மிங்காமில் 1967இல் தொடங்கிய லேனியின் 100 வாட் வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டி. உள்ளே ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், வெளியே ஒரே ஒரு நாப்.

அந்தப் பெட்டி ஒரு ட்ரெபிள் பூஸ்டர் என்று சொன்னால் எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். இவ்வளவு கனமான ஒலிக்கு உச்சியைத் தூக்கும் பெட்டி எதற்கு? டிஸ்டார்ஷனுக்குள் போகும் முன் பேஸ் நிறைய இருந்தால், அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிச் சேறாக்கிவிடும். வால்வைத் திணறடிப்பது மேல் பகுதியாக இருந்து, பேஸ் குறைவாகப் போனால், டிஸ்டார்ஷன் இறுக்கமாகவும் தெளிவாகவும் வரும். இழந்த அடியை அதற்குப் பிறகு ஆம்பின் டோன் கன்ட்ரோலும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் திருப்பிக் கொடுக்கும். சுருக்கமாக, பேஸை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் குறைக்க வேண்டும், பின்னால் கூட்ட வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் எந்த ஆம்பிலும் வேலை செய்யலாம். ஐயோமியின் ரேஞ்ச்மாஸ்டரை யாரோ மாற்றியமைத்திருந்தார்கள், அந்தப் பெட்டி இன்று இல்லை. ஆகவே ‘அசல் ஐயோமி சர்க்யூட்’ என்று விற்கப்படும் எதுவும் ஊகம்தான். நல்ல ஊகமாக இருக்கலாம், அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் ஆம்பில் இப்படி ஆரம்பியுங்கள். மெட்டல் பெடலைக் கழற்றி வையுங்கள். ஆம்பின் ஓவர்டிரைவ் சேனலில் கெயின் பாதிக்குக் கீழே, பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 5. ரிவர்ப் (எதிரொலி) வேண்டாம், அது இடைவெளியை நிரப்பி உங்களை ஏமாற்றும். இந்த எண்கள் வேதவாக்கு இல்லை, ஆம்புக்கு ஆம்ப் மாறும். கெயினைக் குறைத்துக்கொண்டே வந்து, ‘இனிக் குறைத்தால் கிளீனாகிவிடும்’ என்ற இடத்துக்கு ஒரு சிட்டிகை மேலே நிறுத்துங்கள். பிறகு 1 மில்லிமீட்டர் தடிமனாவது உள்ள பிக்கால், கீழ்நோக்கி மட்டும், மணிக்கட்டிலிருந்து விழுமாறு அடியுங்கள். கனத்தில் பாதி அந்த மணிக்கட்டில் இருக்கிறது. பாட்டு வரும் பகுதியில் அதே ரிஃப் அடங்கி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் போகும். அங்கே சேனல் மாற்றாதீர்கள். கிட்டாரின் வால்யூம் நாபை 3க்கு இறக்கி மென்மையாகத் தொடுங்கள், உரத்த பகுதி திரும்பும்போது 10க்குத் திருப்புங்கள். அந்த உரத்த பகுதி இடியாக இறங்குவது, முன்னால் அவ்வளவு அடக்கமாக இருந்ததால்தான்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று: கெயின் குறைவான ஓவர்டிரைவ் அல்லது சாதாரண ட்ரெபிள் பூஸ்டர். ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஜெர்மேனியம் வகை பூஸ்டர்கள் சிலவற்றைப் பொதுவான பவர் சப்ளையில் மற்றப் பெடல்களோடு இணைக்கக் கூடாது, பிளஸ் மைனஸ் தலைகீழாக இருக்கும். பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது கடைக்காரரிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள். சிங்கிள் காயில் பிக்கப்பில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வருவது இயல்பு, ட்யூப்லைட், டிம்மர், சார்ஜர் பக்கத்திலிருந்து தள்ளி உட்கார்ந்தால் குறையும். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் பெரிதாகக் குறைந்தாலோ, மைல்டாக ஷாக் அடித்தாலோ, வீட்டு பிளக் பாயின்டின் எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். இரைச்சல் போகிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு விளையாடும் வேலை அது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரு வரம்பு இருக்கிறது, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சின்ன ஸ்பீக்கர் 98 அதிர்வை ஓரளவுக்குத்தான் தள்ளும், 49ஐத் தள்ளவே தள்ளாது. குறைந்த ஒலியில் நம் காதுக்கே பேஸ் குறைவாகத்தான் கேட்கும், அது காதின் அமைப்பு. இன்னொன்று, பதிவில் நீங்கள் கிட்டார் என்று நினைத்துக் கேட்கும் கனத்தில் பெரும்பங்கு கீசர் பட்லரின் பேஸ். அவர் ரிஃப்போடு ஒட்டியே வாசிக்கிறார், இரண்டும் ஒரே மிருகம் மாதிரி கேட்கும். பில் வார்டின் டிரம் அந்த இடைவெளிகளில்தான் உருள்கிறது. தனியாக அறையில் உட்கார்ந்து மூன்று பேரின் ஒலியை ஒரு கிட்டாரில் எதிர்பார்த்தால் எந்தப் பெடலும் திருப்தி தராது. பேஸ் வாசிக்கும் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மாலை சேர்ந்து வாசித்துப் பாருங்கள், உங்கள் ஆம்பில் எதையுமே மாற்றாமல். ஆள் கிடைக்காவிட்டால், போனில் இதே மூன்று ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே பேஸ் ஆப்பில் போட்டு, நல்ல ஸ்பீக்கரில் ஓடவிட்டு மேலே வாசியுங்கள்.

மேடைக்கு 10 வாட் போதுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். டிரம்மோடு நேரடியாகப் போட்டி போட முடியாது, ஆனால் முன்னால் ஒரு மைக் வைத்து அரங்கின் ஒலிபெருக்கி அமைப்பில் (பி.ஏ.) கொடுத்தால் சின்ன அரங்குக்குப் போதும். லேப்டாப்பில் ஆம்ப் மென்பொருள் வழியாக வாசிப்பதைப் பற்றியும் கேட்டீர்கள். அதில் ஸ்பீக்கர் கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வது) ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5000 அதிர்வுக்கு மேல் இருப்பதைப் பெரும்பாலும் வெட்டிவிடும், அந்த வெட்டு இல்லாவிட்டால் உலகத்தின் சிறந்த ஆம்பும் ஹெட்போனில் கொசுவாகத்தான் கேட்கும். உங்கள் பிரச்சினையே அதுவாகக்கூட இருக்கலாம், ஹெட்போனில் வாசிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரம் கிளீன் சேனலில் 60இல் வாசித்துவிட்டு, ரிவர்ப் இல்லாமல் போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து இங்கே போடுங்கள். போனை ஆம்புக்கு முன்னால் இரண்டடி தள்ளி வையுங்கள், கேட்டுவிட்டு மணிக்கட்டா, கெயினா, நேரமா என்று சொல்கிறேன்.